ஒரு சாண் கறுப்பு ரிப்பன்

"ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு" என்றுதான் அம்மா சொல்லியிருந்தார். சுபாங்கி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி வைத்துவிட்டாள்.

ஒன்றிரண்டு இல்லை, இருநூறு ரிப்பன்! வரவேற்பறை முழுக்கக் கறுப்பு ரிப்பன் பரந்து கிடந்ததைப் பார்த்ததும் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உது என்னடி, விரலோ? எந்த ஊரில இவ்வளவு நீளமான விரல்?"

"சின்னதா வெட்டினா வடிவில்லை அம்மா."

பதினொரு வயதுக்காரியிடம் கத்தரிக்கோலையும் ஒரு கட்டு ரிப்பனையும் கொடுத்துவிட்டுக் குசினிக்குச் சமைக்கப் போனது யாருடைய பிழை? அதைப் பற்றி நாம் பேச வேண்டாம். நாளைக் காலையில் விளையாட்டுப் போட்டி. புது ரிப்பன் வாங்க நேரமில்லை.

அது 2009ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஸ்காபரோவில் பழைய மாணவர் சங்கம் ஒவ்வொரு கோடையிலும் விளையாட்டுப் போட்டி நடத்தும். வழக்கமாக மைதானத்தைச் சுற்றி வண்ண வண்ணக் கொடிகள் பறக்கும், ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும். இந்த ஆண்டு அதெல்லாம் இல்லை. மே மாதத்தில் ஊரில் போர் முடிந்திருந்தது. அது முடிந்த விதத்தை நினைத்து ரொறன்ரோவில் தமிழ் வீடுகள் அழுதுகொண்டிருந்தன. எத்தனையோ பேருக்குத் தங்கள் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

"பிள்ளையள் ஓடட்டும். ஆனா கொடியும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். எல்லாரும் நெஞ்சில ஒரு கறுப்பு ரிப்பன் குத்துவம்" என்று சங்கத்தார் முடிவெடுத்தார்கள். அந்த ரிப்பன்தான் சுபாங்கியின் கையில் சாண் அளவுக்கு நீண்டுவிட்டது.

அன்றிரவு அருள்மலர் அக்கா தன் சப்பாத்துக் கயிற்றை மூன்றாவது தடவையாகக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா, சுபாங்கியின் பெரியப்பா மகள். இருபது வயது. பதினான்கு வயதில் தனியாகக் கனடாவுக்கு வந்து இந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள். கல்லூரி அணியில் நூறு மீற்றர் ஓட்டக்காரி. ஆனால் ஜனவரி தொடங்கி மே வரை அவள் பயிற்சிக்கே போகவில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் வன்னியில் அகப்பட்டிருந்தார்கள். போரை நிறுத்தக் கேட்டு அக்கா பனிக்குள்ளே தெருவில் பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லூரிப் பயிற்சியாளர் அவளுடைய பெயரை அணியிலிருந்து எடுத்துவிட்டார். "செப்டெம்பரில் வந்து பதின்மூன்று செக்கனுக்குள் ஓடிக் காட்டு. உன் இடத்தைத் தருகிறேன்" என்றும் சொல்லியிருந்தார்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது. பெரியப்பா! முகாமில் யாருடையதோ கைபேசி, மூன்றே மூன்று நிமிடம். அவரும் பெரியம்மாவும் உயிரோடு இருக்கிறார்கள்! அம்மா அழுதார், அப்பா அழுதார், எதற்கென்று விளங்காமலே சுபாங்கியின் எட்டு வயதுத் தம்பி நிதுசனும் சேர்ந்து அழுதான்.

அத்தனை அழுகைக்கு நடுவில் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"பிள்ளை, ஓடுறியோ?"

"ஓம் அப்பா" என்றாள் அக்கா. அது பொய். ஐந்து மாதமாக அவள் ஒரு நாள்கூட ஓடவில்லை. அந்தப் பொய் அவளைத் தூங்க விடவில்லை. மறுநாள் விடியற்காலையே சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.

"என்ர கால் பழைய கால் இல்லை, சுபா" என்று அவள் அடிக்கடி சொல்வாள். அன்றிரவும் சொன்னாள்.

"நாளைக்கு ஓடுறது கப்புக்காக இல்லை. என்ர வேகம் திரும்பி வந்திட்டுதோ எண்டு எனக்குத் தெரியவேணும். ஞாயிற்றுக்கிழமை அப்பா திரும்பவும் போன் எடுப்பார். இந்த முறை அவருக்கு ஒரு உண்மையான நம்பர் சொல்லவேணும்."

"சொல்லுவாய் அக்கா" என்றாள் சுபாங்கி. அவளுக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

மறுநாள் மைதானத்தில் காற்று பேயாக வீசியது. ஒரு பக்கம் தெரு, மறு பக்கம் மேப்பிள் மரங்கள். நடுவே புல்லில் வெள்ளைத் தூளால் ஆறு ஓடுபாதை போட்டிருந்தார்கள். காகிதத் தட்டுகள் உருண்டோடின. ஒரு அன்ரியின் குடை மறுபக்கம் மடிந்துபோய், அவர் அதைத் திட்டித் தீர்த்தார்.

சுபாங்கி வாசலில் நின்று எல்லோருக்கும் ரிப்பன் குத்தினாள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏன் பிள்ளை, இவ்வளவு நீளம்?"

"அப்பிடித்தான்" என்றாள் சுபாங்கி.

ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டி பத்தரைக்குத் தொடங்கியது. நம்மவர் போட்டி அல்லவா, ஒன்றரை மணி நேரம் பிந்தினால் அது பிந்தியதாகவே கணக்கில்லை. பெண்கள் நூறு மீற்றருக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பிரிவாக ஓடுவது, பிறகு ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று பேர் இறுதி ஓட்டம் ஓடுவது என்று ஏற்பாடு.

முதற் பிரிவு தெருப் பக்கத்திலிருந்து மரங்களை நோக்கி ஓடியது. அதில் அன்ரனெற் என்ற அக்கா இருந்தாள். பத்தொன்பது வயது, பிறம்ரனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தொடக்கக் கோட்டில் அவளுடைய ரிப்பன் எழும்பி எழும்பி முகத்தில், நாடியில் அடித்தது. சுபாங்கி ஓடிப்போய் அதை இன்னொரு ஊசியால் குத்திவிட்டாள்.

"தாங்ஸ் தங்கச்சி. ஓட முந்தியே இது எனக்கு அடிக்குது" என்று அன்ரனெற் சிரித்தாள்.

அவள்தான் முதலாவதாக வந்தாள். பதின்மூன்று புள்ளி இரண்டு செக்கன்.

இரண்டாம் பிரிவு தொடங்கப் போகும் நேரத்தில்தான் பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தார். பல் வைத்தியர் யேசுரட்ணம். அவருக்குப் போட்ட கூடாரம் தெருப் பக்கத்தில் இருந்தது. முடிவுக் கோடோ நூறு மீற்றர் தள்ளி மரத்தடியில்.

போட்டியை நடத்தும் சண்முகலிங்கம் அங்கிளுக்கு வியர்த்துவிட்டது. கழுத்தில் விசில், கையில் நிறுத்தற்கடிகாரம், முகத்தில் பதற்றம்.

"பிரதம விருந்தினருக்கு முடிவு தெரியாட்டி என்ன மரியாதை? கோட்டை மாத்துங்கோ! மரத்தடியில தொடங்கி இஞ்ச வந்து முடியட்டும்!"

மாற்றினார்கள். அருள்மலர் அக்காவும் மற்ற நான்கு பேரும் மரத்தடிக்கு நடந்துபோனார்கள். சுபாங்கியும் பின்னாலேயே போனாள். தொடக்கக் கோட்டில் அக்கா குனிவதற்கு முன் ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றாள். அவளுடைய ரிப்பன் முடிவுக் கோட்டைக் காட்டிக்கொண்டு முன்னால் நீட்டி நின்றது.

விசில் ஊதியது. அக்கா பறந்தாள்!

பன்னிரண்டு புள்ளி ஏழு.

அம்மா ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்தார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு அக்கா பல் தெரியச் சிரித்ததைச் சுபாங்கி அன்றுதான் பார்த்தாள்.

"பன்ரெண்டு ஏழு சித்தி! இவ்வளவு நாளும் நான் ஓடினதில அதுதான் ஆகக் குறைவு! முந்தி பன்ரெண்டு எட்டுத்தான். அப்பாட்ட நாளைக்குச் சொல்லப் போறன்! செப்டெம்பர் வரைக்கும் நான் காலாட்டிக்கொண்டு இருக்கலாம்!"

சுபாங்கியும் கை தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கை மெதுவாக நின்றது.

ஐந்து மாதம் ஓடாத கால், அதற்கு முன்பு ஓடியதைவிட வேகமாக ஓடுமா?

அவள் நெஞ்சிலிருந்த ரிப்பன் படபடத்தது. அன்ரனெற்றின் ரிப்பன் நாடியில் அடித்ததும், அக்காவின் ரிப்பன் முன்னால் நீட்டி நின்றதும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. கொடி கட்டியிருந்தால் காற்று எந்தப் பக்கம் என்று எல்லோரும் பார்த்திருப்பார்கள். இந்த ஆண்டு கொடியே இல்லை.

"ஐயோ" என்றாள் சுபாங்கி.

"என்ன ஐயோ?" என்று கேட்டான் நிதுசன். அவன் வாயில் பாதி ரோல்ஸ் இருந்தது.

"நிது, எனக்கொரு உதவி செய். நான் ஓடுறன், நீ நேரம் பார்."

சண்முகலிங்கம் அங்கிளின் மேசையில் இன்னொரு நிறுத்தற்கடிகாரம் சும்மா கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு இருவரும் மைதானத்தின் ஓரத்துக்குப் போனார்கள். பெரியவர்கள் கரண்டியில் எலுமிச்சங்காயை வைத்து ஓடும் தேசிக்காய்–கரண்டி ஓட்டத்தில் மும்முரமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அங்கிள் தேசிக்காயைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு ஓடினாராம். ஆகவே இவர்களை யாரும் கவனிக்கவில்லை.

சுபாங்கி மரத்திலிருந்து தெருவுக்கு ஓடினாள். பதினெட்டு செக்கன். தெருவிலிருந்து மரத்துக்கு ஓடினாள். பத்தொன்பதரை.

"பாத்தியோ!" என்றாள் மூச்சிரைக்க.

நிதுசன் ரோல்ஸை விழுங்கினான். "ரெண்டாம் முறை உனக்குக் களைச்சுப் போச்சு. அதான் மெதுவா வந்தனீ."

சுபாங்கிக்கு அவனுடைய தலையில் குட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் அவன் சொன்னது நியாயம். அவள் நிழலில் இருந்து ஒரு வடை சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள். இப்போது மாற்றி ஓடினாள். முதலில் மரத்தை நோக்கி, பிறகு தெருவை நோக்கி.

பத்தொன்பது புள்ளி மூன்று. அடுத்தது பதினெட்டு புள்ளி ஒன்று.

இரண்டாவதாக, களைத்துப்போய் ஓடியும் தெருப் பக்கம்தான் வேகம். இனிச் சந்தேகமே இல்லை. காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது, மறு பக்கம் பிடித்து இழுக்கிறது. அன்ரனெற் காற்றுக்கு எதிரே ஓடினாள். அக்காவைக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது.

சுபாங்கிக்கு அழுகை வந்தது. அக்கா எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள்! போய் அதை எப்படி உடைப்பது? பேசாமல் இருந்துவிடலாமா? இறுதி ஓட்டத்தில் எல்லோரும் ஒன்றாகத்தானே ஓடப்போகிறார்கள். அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துச் சண்முகலிங்கம் அங்கிள் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"நேரம் மூன்று இருபத்தைந்து. நாலு மணிக்கு மைதானத்தைத் திருப்பிக் குடுக்கவேணும். ஆனபடியால் பெண்கள் இறுதி ஓட்டம் நடைபெறாது. ரெண்டு பிரிவிலும் ஆகக் குறைஞ்ச நேரம் எடுத்த அருள்மலருக்குக் கிண்ணம். இப்ப பிரதம விருந்தினர் உரை!"

எல்லோரும் கை தட்டினார்கள். அன்ரனெற் குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போடத் தொடங்கினாள்.

சுபாங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேரே அக்காவிடம் போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இஞ்ச வா. ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக் கூடாது."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரிப்பன், பதினெட்டு, பத்தொன்பதரை, வடை, ஒன்றையும் விடவில்லை. அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போனது.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறாய்?" அக்காவின் குரல் கடுமையாக இருந்தது. "ஆறு மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒரு நல்லது நடந்தது. அதுவும் உனக்குப் பொறுக்கேல்லையோ?"

ஆனாலும் சுபாங்கி விடவில்லை.

"நீதானே அக்கா சொன்னனீ, பெரியப்பாவுக்கு உண்மையான நம்பர் சொல்லவேணும் எண்டு. பன்ரெண்டு ஏழு காத்தின்ர நம்பர். உன்ர நம்பர் என்னெண்டு எங்களுக்குத் தெரியாது. செப்டெம்பரில காத்து அடிக்காட்டி என்ன செய்வாய்?"

அக்கா மரங்களைப் பார்த்தாள். பிறகு தன் நெஞ்சிலிருந்த ரிப்பனைப் பார்த்தாள். அது இன்னமும் தெருப் பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

"எத்தினை தரம் ஓடினனீ?"

"நாலு தரம்."

"நாலு தரமோ!" அக்கா சுபாங்கியின் வியர்த்த தலையைத் தடவினாள். "விசரி. வா."

அவள் முதலில் போனது அன்ரனெற்றிடம். "சப்பாத்தைத் திரும்பப் போடுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஓடவேணும்" என்றாள். அடுத்ததாகச் சண்முகலிங்கம் அங்கிளிடம் போனாள்.

அங்கிள் இரண்டு கையையும் தூக்கினார். "பிள்ளை, உமக்குத்தானே கிண்ணம் கிடைச்சிருக்கு! கிடைச்ச கப்பை வேண்டாம் எண்டு சொல்லுற ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். நேரம் இல்லையம்மா. ஐயாவின்ர பேச்சு இருபது நிமிஷம்."

"ஓட்டத்துக்குப் பதின்மூண்டு செக்கன்தானே அங்கிள்" என்றாள் சுபாங்கி.

"அதெல்லாம் அவரிட்டக் கேக்கேலாது!"

கேட்க ஏலாது என்று யார் சொன்னது? சுபாங்கி கூடாரத்துக்குள் போனாள். பல் வைத்தியர் யேசுரட்ணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேச்சுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது தாள்! இரு பக்கமும் எழுதியிருந்தது.

"அங்கிள், உங்கட பேச்சில இருந்து எனக்கொரு பதின்மூண்டு செக்கன் தருவீங்களோ?"

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஏன் மகள்?"

சுபாங்கி காரணத்தைச் சொன்னாள். கோட்டை மாற்றிய கதைக்கு வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நில்லும் நில்லும். நான் பாக்கிறதுக்காகவோ கோட்டை மாத்தினவை?"

"ஓம் அங்கிள்."

"கடவுளே! நான் கோட்டையே பாக்கேல்லை. போனில மகளோட கதைச்சுக்கொண்டு இருந்தனான்."

அவர் எழுந்துபோய் ஒலிபெருக்கியை வாங்கினார். "அன்பான பெற்றோரே, பிள்ளைகளே, நான் பிந்தி வந்ததுக்கு மன்னியுங்கோ. பல்லை ஒழுங்கா மினுக்குங்கோ. இப்ப ஒரு ஓட்டம் நடக்கும். நன்றி."

அவ்வளவுதான் பேச்சு. ஸ்காபரோவில் எந்தப் பிரதம விருந்தினருக்கும் அப்படியொரு கைதட்டல் கிடைத்திருக்காது.

"எந்தப் பக்கம் ஓடுறது?" என்று அன்ரனெற் கேட்டாள்.

"சேர்ந்து ஓடினா எந்தப் பக்கமும் நியாயம்தான்" என்றாள் அக்கா. "ஆனா எனக்குத் தள்ளிவிட ஆள் வேண்டாம். மரத்தைப் பாத்து ஓடுவம்."

அன்ரனெற் தலையாட்டினாள். பல் வைத்தியர் தன் மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, வெயிலில் நூறு மீற்றர் நடந்துபோய் முடிவுக் கோட்டில் நூலின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். மறுமுனை நிதுசனின் கையில். சுபாங்கியும் சண்முகலிங்கம் அங்கிளும் ஆளுக்கொரு நிறுத்தற்கடிகாரத்தோடு நின்றார்கள்.

மூன்று நாற்பத்தெட்டுக்கு விசில் ஊதியது.

காற்று அவர்களை விடவே மாட்டேன் என்றது. இருவரும் தலையைத் தாழ்த்தி அதற்குள்ளே நுழைந்து வந்தார்கள். பாதித் தூரம் வரை தோளும் தோளும் ஒன்றாக வந்தன. சுபாங்கி கத்திய கத்தில் அவளுக்கே காது அடைத்தது. "அக்கா! அக்கா! விடாதை அக்கா!"

அக்கா விடவில்லை. அன்ரனெற்றும் விடவில்லை. கடைசி இரண்டு எட்டில் அன்ரனெற்றின் நெஞ்சு நூலைத் தொட்டது. அடுத்த கணமே அக்காவும் வந்து புல்லில் விழுந்தாள்.

பதின்மூன்று புள்ளி ஒன்று. பதின்மூன்று புள்ளி இரண்டு.

கிண்ணம் அன்ரனெற்றுக்குப் போனது. அது நிதுசனின் தலையைவிடப் பெரிது, அவன் தலையில் கவிழ்த்தே பார்த்துவிட்டான். அன்ரனெற் அக்காவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"நான் பஸ்ஸில அழுதுகொண்டு போயிருப்பன்" என்றாள் அவள். "அடுத்த சனிக்கிழமையும் ஓடுவமோ? காத்தில்லாத ஒரு நேரத்தில?"

"விடியக் காலமை ஆறு மணிக்கு வருவீங்களோ?"

"வருவன். ஆனா பிறம்ரனில இருந்து அந்த நேரம் பஸ் இல்லை."

"அப்ப முதல்நாள் எங்கட வீட்டில வந்து நில்லுங்கோ" என்றார் அம்மா. அவ்வளவில் அந்த விடயம் முடிந்தது.

ஆனால் வீட்டுக்குப் போகும் வழி முழுக்கச் சுபாங்கி காரில் அந்த நேரத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று புள்ளி இரண்டு. பதின்மூன்றுக்கு மேலே போய்விட்டதே! பன்னிரண்டு ஏழு என்று கேட்டுச் சந்தோஷப்படவிருந்த பெரியப்பாவிடம் இப்போது என்ன சொல்வது? எல்லாம் என்னால்தானே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"பிள்ளை, சாப்பிட்டியோ? ஓடினியோ?"

"ஓம் அப்பா. நேற்று ஓடினனான். ரெண்டாவதா வந்தனான்."

"எத்தினை?"

அக்கா ஒரு தடவை மூச்செடுத்தாள். "பதின்மூண்டு ரெண்டு, அப்பா."

தொலைபேசியில் இரைச்சல் மட்டும் கேட்டது. சுபாங்கி தன் சட்டை நுனியைக் கசக்கினாள்.

"காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார் பெரியப்பா.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சுபாங்கிதான் பாய்ந்து போய்த் தொலைபேசிக்குள் கத்தினாள்.

"முகத்தில பெரியப்பா! நேரா முகத்தில! குடையெல்லாம் மடிஞ்சு போச்சு!"

"அப்பிடியோ!" பெரியப்பாவின் குரலே மாறிவிட்டது. பின்னால் யாரிடமோ அவர் சொல்வது கேட்டது. "கேட்டியே, காத்துக்கு எதிர பதின்மூண்டு ரெண்டாம்! பிள்ளையின்ர ஓட்டம் திரும்பி வந்திட்டுதப்பா!" யாரோ சிரித்தார்கள். அது பெரியம்மாவின் சிரிப்பு. அக்கா ஆறு மாதமாகக் கேட்காத சிரிப்பு.

இணைப்பு அறுந்தது. மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணி. அம்மா பிளாஸ்கில் தேநீரோடு வேலி ஓரம் நின்றார். நிதுசன் கொட்டாவி விட்டுக்கொண்டே விசில் ஊதினான். அக்காவும் அன்ரனெற்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிவந்தார்கள். யார் முந்தியது என்று யாரும் கேட்கவில்லை.

"சுபா, எத்தினை?" என்று அக்கா மூச்சிரைக்கக் கேட்டாள். "கெதியாச் சொல்லு!"

"பொறு அக்கா."

நிறுத்தற்கடிகாரத்தைப் பார்க்கும் முன்னர் சுபாங்கி வேலியில் தான் கட்டி வைத்திருந்த கறுப்பு ரிப்பனைப் பார்த்தாள். அந்த ஒரு சாண் ரிப்பன் கொஞ்சமும் ஆடாமல் நேரே கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கையை விரித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்ரெண்டு ஒன்பது!" என்று கத்தினாள். "உன்ர சொந்த நம்பர் அக்கா!"